கடப்பாரைப் படி வரைக்கும்

பிள்ளைகளா, வருகிற கார்த்திகையில் நீங்கள் இரண்டு பேரும் பர்வதமலை ஏறப்போவதாக அம்மா சொன்னாள். அவளுடைய மஞ்சள் முடிச்சை நீங்களே எடுத்துப்போய் மேலே உண்டியலில் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னீர்களாம். வேண்டாம் என்று தடுக்க இதை எழுதவில்லை. போய்விட்டு வாருங்கள். ஆனால் போன வருஷம் நானும் உங்கள் மாமாவும் அந்த மலையில் என்ன பட்டோம் என்பது உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மாமா நொண்டிக்கொண்டு வந்து இறங்கியதைப் பார்த்துச் சிரித்தீர்கள், அதோடு சரி. உட்கார வைத்துச் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டே "சரிப்பா, சரிப்பா" என்பீர்கள். எழுதிக் கொடுத்தால் பஸ்ஸில் போகும்போதாவது படிப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை. பத்தாவதோடு நின்றவன் எழுத்து. அப்படி இப்படித்தான் இருக்கும்.

முதலில் முடிச்சைப் பற்றிச் சொல்கிறேன். கர்ப்பப்பையில் கட்டி என்று அம்மாவை ஆபரேஷனுக்குச் சேர்க்கச் சொன்னார்கள் அல்லவா, அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்து மஞ்சள் தண்ணீரில் நனைத்து, காசு வைத்து முடிந்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். நல்லபடியாக எழுந்து வந்தால் மலை ஏறி வந்து தன் கையாலேயே போடுவதாக வேண்டிக்கொண்டாள். அவள் பிறந்த வீட்டில் எதற்கு முடிந்தாலும் அந்த மலைக்குத்தான் முடிவார்கள். எழுந்து வந்துவிட்டாள். ஆனால் டாக்டர் படி ஏறக்கூடாது, பளு தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். நம் வீட்டு மாடிப்படியையே அவள் நின்று நின்று ஏறினாள். வேண்டிக்கொண்டவர் போக முடியாவிட்டால் வீட்டு ஆள் கையால் போகலாம், வெளியாள் கையில் கொடுத்துவிடக்கூடாது என்பது அவர்கள் பழக்கம்.

அதற்குள் மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு தேதி கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம். ஸ்கேனுக்கு முன்னால் முடிச்சு போய்ச் சேரவேண்டும். போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. காலண்டர் பக்கம் போகும்போதெல்லாம் அவள் கை தானாக வயிற்றுக்குப் போகும். அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் வீட்டில் சும்மா இருக்க முடியும்?

கம்பெனியில் மாதக் கடைசி. லோடு அனுப்பவேண்டிய நேரத்தில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஸ்கேனுக்கு முன்னால் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வார விடுமுறை. அதுவும் நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற காலை. வீட்டுக்கு வந்து படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும். அதனால் கம்பெனி இருக்கிற தொழிற்பேட்டையிலிருந்து நேராகப் பூந்தமல்லிக்குப் போய், ஆரணி வழியாகப் போளூர் போகிற பஸ்ஸுக்கு நின்றேன். மாமா பட்டாபிராமில் ஷேர் ஆட்டோவை வேறு ஒருவர் கையில் கொடுத்துவிட்டு முடிச்சோடு வந்து சேர்ந்தார். தன் தங்கைக்காக ஒரு நாள் ஓட்டத்தை விட்ட மனுஷன், அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை. வேறு எல்லாவற்றையும் சொல்லிக்காட்டுவார்.

இப்போது ஷூ விஷயம். இதைக் கவனமாகப் படியுங்கள். நம் தெருவில் சேஃப்டி ஷூவுக்கு இருக்கிற மரியாதை உங்களுக்குத் தெரியும். கம்பெனியில் வருஷா வருஷம் கொடுப்பார்கள். முன்னால் விரலுக்கு மேல் இரும்புத் தொப்பி, கனமான அடி. மழை பெய்து தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் அதைப் போட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போவோம். ரேஷன் கடைக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். அதைவிட உறுதியான செருப்பு உலகத்தில் கிடையாது என்று நான் நம்பினேன். மலைக்கு என்று ஒரு ஷூ இருக்கிறது என்பதே நினைப்பில் இல்லை. நான் வேலையில் போட்டிருந்ததையே போட்டுக்கொண்டு போனேன். மாமாவுக்கு என் பழைய ஜோடியை முந்தின நாளே கொடுத்திருந்தேன். அவருக்கு அரை விரல் பெரிசு. உள்ளே துணி அடைத்துக்கொண்டார்.

மெஷின் பக்கத்திலேயே நிற்கிற ஷூ அது. வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றுகிற கூலண்டும் எண்ணெயும் ஊறி ஊறி அடிப்பக்கம் கல் மாதிரி இறுகியிருக்கும். சிமெண்ட் தரையில் நடக்கும்போது அது தெரியாது. ஈரப் பாறையில் கால் வைத்தால்தான் தெரியும்.

குளிர் விஷயமும் இப்படித்தான். எனக்குத் தெரிந்த குளிர் எல்லாம் கம்பெனியில் செய்த உருப்படியை அளவு பார்க்கிற ஏசி ரூம் குளிர்தான். அதற்கு மேல் என்ன இருக்கப்போகிறது என்று ஒரு துண்டும், மெஷினை மூடுகிற பிளாஸ்டிக் தாள் இரண்டும் மடித்து எடுத்துக்கொண்டேன். மாமாவிடம் அதுவும் இல்லை. ஆட்டோ ஓட்டுகிற காக்கிச் சட்டை, ஒரு குரங்குக் குல்லாய்.

பஸ்ஸில் தூங்கலாம் என்று நினைத்தேன். மாமா விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பளிச்சென்று வெயில். இவ்வளவு வெயிலில் பிளாஸ்டிக் தாளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறானே மாப்பிள்ளை என்று ஆரணி வரைக்கும் கேலி பேசிக்கொண்டு வந்தார். போளூரில் பஸ் மாறி அடிவாரத்தில் இறங்கினபோதும் வெயில்தான். மேலே மட்டும் மலை உச்சியில் வெள்ளையாக ஒரு துணி போட்ட மாதிரி மேகம் உட்கார்ந்திருந்தது. அது நகரவே இல்லை என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. நீங்கள் கவனியுங்கள். அடிவாரத்து வானத்தைப் பார்த்து மேலே எப்படி இருக்கும் என்று முடிவு பண்ணாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் அந்த மேகத்துக்கு உள்ளே வேறு ஊர் இருக்கிறது.

அடிவாரத்தில் ஆள் குறைவாகத்தான் இருந்தார்கள். வெயில் காலத்திலும் பௌர்ணமிக்கும்தான் கூட்டம் வருமாம். முதலில் கட்டின படிகள். எனக்கு அதிலேயே மூச்சு வாங்கியது. ராத்திரி முழுக்க நின்ற கால் இல்லையா. கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரி இருந்தது. படி முடிந்து காட்டுப் பாதை. கல்லும் வேரும் மண்ணும் போன வார மழையில் ஊறிக் கிடந்தன. ஏற ஏற உடம்பு வேர்த்துக் கொட்டியது. சட்டை பிழியலாம் போல ஆகிவிட்டது. அந்த வேர்வைதான் பிறகு குளிர வைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். மாற்றுச் சட்டை ஒன்று, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஆளுக்கு ஒன்று. அதை நிச்சயம் எடுத்துக்கொள்ளுங்கள். தின்பதற்கு எடுத்துப்போவதை முதுகுப் பைக்குள் வையுங்கள். கையில் தெரிகிற மாதிரி பை வைத்திருந்தால் குரங்கு வாங்கிக்கொண்டு போய்விடும். எங்கள் தயிர் சாதம் அப்படித்தான் போனது.

பாதி வழியில் தார்ப்பாய் கட்டி ஒரு அம்மாள் சுக்குக் காப்பி விற்றுக்கொண்டிருந்தார். எங்களை மேலிருந்து கீழே பார்த்தார். ஷூவில் வந்து கண் நின்றது.

"எந்தக் கம்பெனிண்ணா? மலையில டூட்டி போட்டுட்டாங்களா?"

"ஓவர்டைம்மா" என்றார் மாமா. "முடிச்சிட்டு எறங்கணும்."

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே காப்பி ஊற்றினார். இன்றைக்கு மேலே மூட்டமாக இருக்கிறது, காலையில் போன நாலு பேர் சீக்கிரமாகவே இறங்கிவிட்டார்கள் என்றார். இன்னும் கொஞ்சம் போனால் பாறையில் கடப்பாரை நட்டிருக்கும், அதைப் பிடித்து ஏறவேண்டும், அதற்கு அப்புறம் தண்டவாளத்தையே படியாகப் போட்டிருக்கும், அதற்கும் அப்புறம் ஏணி என்று வழி சொன்னார். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "தண்டவாளமா? பட்டாபிராம்லதான் தெனிக்கும் இத்த தாண்டிகினு சாவறேன். இங்கயும் வந்துச்சா?"

அன்றைக்கு ஏறும்போது நாங்கள் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

கொட்டகையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வெளிச்சம் மாறியது. மழை என்று சொல்ல முடியாது. காற்றே ஈரமாக இருந்தது. முகத்தில் தண்ணீர் வழிகிறது, எங்கிருந்து விழுகிறது என்று தெரியவில்லை. பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினோம். காற்று அதைப் படபடவென்று அடித்துப் பிடுங்கியது. போர்த்தினால் உள்ளே வேர்வை, எடுத்தால் வெளியே குளிர். மாமா பேச்சைக் குறைத்துவிட்டார். அவர் பேச்சைக் குறைத்தால் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் நானும் பேசாமல் ஏறினேன். ஒரு காலை எடுத்து வைத்தால் இன்னொரு காலை எடுக்கவேண்டுமே என்று அலுப்பாக இருந்தது. சாமி நினைப்பு இல்லை, அம்மா நினைப்புகூட இல்லை. உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. மலை ஏறுவது இப்படித்தான் இருக்கும் என்று படத்தில் காட்டமாட்டார்கள்.

கடப்பாரைப் பாறைக்குக் கொஞ்சம் கீழே ஒரு வழுக்குப் பாறை. நான் எப்படியோ தவழ்ந்து தாண்டினேன். பின்னால் மாமா கால் வைத்தார். ஷூ சறுக்கிக்கொண்டு போனது. உள்ளே அடைத்த துணியும் ஈரம், கால் ஒரு பக்கம் திரும்பியது, ஷூ ஒரு பக்கம் நின்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் இறங்கிப்போய் ஷூவைக் கழற்றினேன். கணுக்கால் கண் முன்னாலேயே வீங்க ஆரம்பித்தது. ஊன்ற முடியவில்லை.

பிள்ளைகளா, அந்த இடத்தில் நின்றபோது மேலே எங்கேயோ மணிச் சத்தம் கேட்டது. கோயில் மணி. பக்கத்திலேயே இருக்கிற மாதிரி கேட்டது. மாமா பஸ்ஸிலேயே என்னிடம் கொடுத்திருந்த முடிச்சு என் சட்டைப் பையில் இருந்தது. நாளைக்கு எனக்கு டூட்டி. புதன்கிழமை ஸ்கேன். இதை விட்டால் வேறு நாள் கிடையாது. நான் என்ன நினைக்கிறேன் என்று மாமாவுக்குத் தெரிந்துவிட்டது.

"நீ போ மாப்ளே. போட்டுட்டு வா. நான் இங்கியே குந்திகினு கீறேன்" என்றார். "காலுதான் போச்சி, வாய் கீது. நீ கத்து, நான் கொரல் குடுக்கறேன்."

துண்டை அவர் தோளில் போட்டேன். இரண்டு பிளாஸ்டிக் தாளையும் சுற்றிவிட்டேன். என் ஷூவையும் கழற்றி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்காலில் ஏறினேன். வெறுங்கால் பாறையைப் பிடித்தது. இதை முன்னாலேயே செய்திருக்கலாம். ஆனால் கல்லின் சில்லிப்பு உள்ளங்காலிலிருந்து முட்டி வரைக்கும் ஏறியது. கடப்பாரைகள் ஒவ்வொன்றும் பனிக்கட்டி மாதிரி. நாள் முழுக்க இரும்பைப் பிடிக்கிற கை இது. ஆனாலும் அன்றைக்கு விரல் மடங்கவில்லை. பிடித்திருக்கிறேனா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கொஞ்சம் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கீழே ஒன்றும் இல்லை. வெள்ளையாக இருந்தது. நான் பிடித்திருந்த கடப்பாரைக்கு அடுத்த கடப்பாரை மங்கலாகத் தெரிந்தது, அதற்கு அடுத்தது இல்லை. "மச்சான்" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது. மணிச் சத்தமும் நின்றிருந்தது. ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டே இரண்டு தெரு தாண்டிப் போகிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற குரல் அவருடையது. அது எனக்குப் பதில் சொல்லவில்லை.

மேலே போவதா, கீழே போவதா என்று நான் யோசித்தேன் என்று எழுதினால் அது பொய். யோசிக்கவே இல்லை. கால் தானாகக் கீழே இறங்கியது. ஏறினதைவிட இறங்குவதுதான் கஷ்டம், கால் வைக்கிற இடம் தெரியாது. உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.

வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தார். ஒரு பிளாஸ்டிக் தாளைக் காற்று கொண்டுபோயிருந்தது. கை இரண்டையும் தொடைக்கு நடுவில் திணித்துக்கொண்டு, குனிந்து உட்கார்ந்திருந்தார்; பல் அடித்துக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. கன்னத்தைத் தட்டினேன்.

"ஏன் மச்சான் கொரல் குடுக்கல?"

ரொம்ப நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "கேட்டுச்சி மாப்ளே. வாய் தொறக்கல."

ஏறுகிறவனுக்குக் குளிர் தெரியாது, உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் அது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அடிபட்ட ஆளை ஈரத் துணியோடு உட்கார வைத்துவிட்டு நான் உச்சிக்குப் போயிருந்தால், திரும்பி வந்து எதைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பேனோ. நீங்கள் இரண்டு பேர் போகிறீர்கள். ஒருவருக்கு முடியவில்லை என்றால் இரண்டு பேருக்கும் முடியவில்லை என்று அர்த்தம். கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது, மணி கேட்கிறது என்றாலும் சரி.

முதுகைத் தேய்த்தேன், கையைத் தேய்த்தேன். அப்புறம் அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தோம். இரண்டு ஜோடி ஷூவையும் அதன் கயிற்றாலேயே சேர்த்துக் கட்டி என் கழுத்தில் மாட்டியிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் நாலு இரும்புத் தொப்பியும் என் நெஞ்சில் இடித்தன. கொட்டகை வரைக்கும் வழியில் ஒரு ஆள் இல்லை. எத்தனை இடத்தில் உட்கார்ந்தோம் என்று நினைவில்லை. உட்கார்ந்தால் எனக்குக் கண் சொருகியது. தூங்கிவிடுவேனோ என்று பயந்து நானே எழுந்துவிடுவேன்.

கொட்டகை அம்மாள் எங்களைப் பார்த்ததும் கிண்டல் ஒன்றும் பண்ணவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் மாமாவைத் தள்ளி உட்கார வைத்து, சாக்கு ஒன்றைப் போர்த்தி, காப்பியை ஊதி ஊதிக் குடிக்க வைத்தார். என் சட்டைப் பையில் மஞ்சள் கறை பரவியிருந்ததைப் பார்த்துவிட்டு, முடிச்சா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொடுத்துவிட்டுப் போங்கள், நாளைக்கு ஏறுகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புகிறேன் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். பையில் கை விட்டுவிட்டேன். மாமா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வெளியாளு கையில வேணாம் மாப்ளே. அவ கேப்பா."

கை அப்படியே வெளியே வந்தது. சூடு பட்டதும் மாமாவுக்கு வாய் திரும்பிவிட்டது என்று மட்டும் தெரிந்தது. தங்கச்சி அனுப்பினது மலைக்கா, மார்ச்சுவரிக்கா என்று கேட்டு அந்த அம்மாளைச் சிரிக்க வைத்தார்.

கட்டின படியில் நான் மறுபடியும் ஷூ போட்டுக்கொண்டேன். அதுவும் தப்பு. இறங்கும்போது விரல் ஒவ்வொரு படிக்கும் முன்னால் போய் இரும்பில் இடிக்கும். இரண்டு கால் பெருவிரல் நகமும் கறுத்து, தையில் விழுந்தது. போகிறதற்கு முன்னால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள். ரப்பர் அடி வைத்த, நன்றாகப் பிடிக்கிற ஷூ வாங்கித் தருகிறேன். என் ஷூவைத் தொடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அண்ணன் காலைப் பார்த்தாள். போட்டீர்களா என்று கேட்கவில்லை. நான் முடிச்சை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கசங்கி, மஞ்சள் எல்லாம் என் சட்டைக்குப் போய், வெளிறிக் கிடந்தது. அதை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு உப்பு வறுக்கப் போய்விட்டாள். துணியில் கட்டி மாமா காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கோபம் இல்லை. பயம். நானும் டூட்டிக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். முடிச்சு போகவில்லை, ஸ்கேன் வருகிறது. அவ்வளவுதான்.

புதன்கிழமை கம்பெனிக்குப் போன் பண்ணி வரவில்லை என்று மட்டும் சொன்னேன். என்ன திட்டினாலும் திட்டட்டும் என்று ஆகிவிட்டது. ஸ்கேன் ரூமுக்குள் போகும்போது பர்ஸை என்னிடம் கொடுக்கச் சொன்னார்கள். அம்மா கொடுத்தாள். முடிச்சை மட்டும் கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். யாரும் கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மலையில் வந்த அதே அசதி. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்டோவில் வரும்போது, ஆவடி தாண்டின பிறகு, முடிச்சைப் பிடித்திருந்த கையைத் திறந்து ரொம்ப மெதுவாகச் சொன்னாள்: "எங்கண்ணன உட்டுட்டு நீங்க மேல போய்ட்டு வந்திருந்தா, இந்தக் கைய நான் நிம்மதியா தொறந்திருக்க மாட்டேங்க."

டிரைவர் சீட்டில் மாமா கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி ஹாரன் அடித்தார்.

அன்று மத்தியானம் அம்மா சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் அசந்து தூங்கிப்போனாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பகலில் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. நீங்கள் இரண்டு பேரும் காலேஜிலும் ஸ்கூலிலும் இருந்தீர்கள். தலையணைப் பக்கத்தில் முடிச்சு கிடந்தது. ஈரத்தில் இறுகி, அவள் கைவேர்வையில் கறுத்து, ஒரு முனை பிரிந்திருந்தது. சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். நகத்தால் நெம்பி நெம்பித்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கம். காசைத் துடைத்தேன். துணியை அலசி, கிண்ணத்தில் மஞ்சள் கரைத்து முக்கி எடுத்து, ஜன்னல் கம்பியில் போட்டுக் காயும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். காய்ந்ததும் அதே காசை வைத்து மடித்து முடிந்தேன். எனக்கு முடியத் தெரியாது. இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து இறுக்கி, சாமி படத்துக்குப் பின்னால் பழைய இடத்திலேயே வைத்தேன்.